செல்ஃப் சுற்றும்போது பாட்டு நிற்கிறதா?

கேள்வி: என்னுடையது 1997 மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. பழைய பெட்ரோல் பம்பில் டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வு இரண்டு முறை கிழிந்ததால், மூன்று மாதம் முன்பு எலெக்ட்ரிக் பம்ப் போட்டேன். மெக்கானிக் வெளியே வயரே தெரியாமல் டேஷ்போர்டுக்குள் இருந்து கனெக்‌ஷன் எடுத்து நீட்டாக முடித்துக் கொடுத்தார். அன்றிலிருந்து காலையில் தகராறு. எவ்வளவு செல்ஃப் அடித்தாலும் எஞ்சின் சுற்றுகிறதே தவிர பிடிப்பதில்லை. சலித்துப்போய் விட்டுவிட்டு, கொஞ்சம் பொறுத்து அடித்தால் உடனே பிடித்துக்கொள்கிறது. மதியம், மாலையில் ஒரே செல்ஃப். பேட்டரியும் ப்ளக்கும் புதிது. கார்புரேட்டரை இரண்டு முறை கழற்றி மாட்டியாகிவிட்டது. அடுத்து எதை மாற்றுவது?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: எதையும் மாற்றாதீர்கள். இனி கார்புரேட்டரில் யாரையும் கை வைக்க விடாதீர்கள். உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியில்தான் விஷயம் இருக்கிறது: 'டேஷ்போர்டுக்குள் இருந்து கனெக்‌ஷன்'.

காலையில் காரில் பாட்டைப் போட்டுவிட்டு செல்ஃப் அடியுங்கள். செல்ஃப் சுற்றும்வரை பாட்டு நின்றுவிடும், சாவியை விட்டதும் மறுபடி பாடும். பேட்டரியின் முழு பலமும் செல்ஃப் மோட்டாருக்குப் போகட்டும் என்று, அந்த நேரத்துக்கு மட்டும் இக்னிஷன் சுவிட்ச் சில லைன்களைத் துண்டித்துவிடும். ஸ்டீரியோ லைன் அதில் ஒன்று. உங்கள் பம்புக்கும் அந்த லைனிலிருந்துதான் கரண்ட் எடுத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

பழைய பம்பை எஞ்சினே ஓட்டியது. செல்ஃப் சுற்றினால் பம்பும் வேலை செய்யும். ராத்திரி முழுக்க நிற்கும் வண்டியில் கார்புரேட்டர் கிண்ணத்துப் பெட்ரோல் ஆவியாகிக் குறைந்திருந்தாலும், நாலு சுற்றில் நிரப்பிவிடும். இப்போதோ நீங்கள் செல்ஃப் அடிக்கும் நேரத்தில்தான் பம்ப் தூங்குகிறது. சலித்துப்போய் சாவியை விடுகிறீர்களே, அப்போது சாவி ஆன் நிலைக்குத் திரும்பி, பம்ப் ஓடி, கிண்ணம் நிரம்புகிறது. அதனால் அடுத்த முறை பிடிக்கிறது. பேட்டரிக்கு ஓய்வு கிடைத்ததால் பிடித்தது என்று யாரோ சொல்லியிருப்பார்கள், நீங்களும் புது பேட்டரி வாங்கிவிட்டீர்கள். மதியம் கிண்ணத்தில் பெட்ரோல் மிச்சம் இருக்கும், ஆகவே பிரச்சினை இல்லை.

பம்ப் பிரஷர் அதிகமாகி, பெட்ரோல் மிஞ்சி எஞ்சின் ஃப்ளட் ஆகிறதோ என்றும் யோசித்தேன். கார்புரேட்டருக்கு மூன்று, நான்கு பி.எஸ்.ஐ. போதும். இன்ஜெக்‌ஷன் வண்டியின் பம்ப் நாற்பதைத் தாண்டும். அதை இதில் மாட்டினால், கிண்ணம் நிரம்பியதும் பெட்ரோலை அடைக்கும் நீடில் வால்வால் தடுக்க முடியாது. ஆனால் அப்படியென்றால் பெட்ரோல் வாசனை தூக்கும், ப்ளக் நனைந்து கறுத்திருக்கும், மதியமும் அதே பாடுதான். உங்களுக்கு அது இல்லை.

ஊகத்தை நம்பி வயரை வெட்ட வேண்டாம். நாளைக் காலை சாவியை ஆனில் வைத்து, செல்ஃப் அடிக்காமல் பதினைந்து விநாடி பொறுத்துவிட்டு அடியுங்கள். முதல் அடியிலேயே பிடித்தால் பாதி நிச்சயம். மீதிக்கு, பம்பின் பாசிட்டிவ் வயரில் டெஸ்ட் லாம்பை வைத்து, இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். லாம்ப் அணைந்தால் ஆள் அகப்பட்டான்.

சரிசெய்ய ஒரு ரிலே போதும்; சின்ன கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச் அது. பேட்டரியிலிருந்து 10 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக ரிலேக்கும், அங்கிருந்து பம்புக்கும் கரண்ட் போகட்டும். ரிலேயை இயக்கும் வயரை, ஆனிலும் செல்ஃப் அடிக்கும்போதும் உயிரோடு இருக்கும் லைனிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். பம்பின் எர்த்தைப் பெயின்டைச் சுரண்டி, பாடியின் வெறும் இரும்பில் போல்ட் போட்டு முறுக்க வேண்டும். வண்டி மோதினால் பம்பை நிறுத்தும் இனெர்ஷியா சுவிட்ச் ஒன்றும் கட்டாயம் வேண்டும். எஞ்சின் நின்றால் பழைய பம்பும் நின்றுவிடும். எலெக்ட்ரிக் பம்போ சாவி ஆனில் இருக்கும்வரை, அறுந்த ஹோஸ் வழியாகவும் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும்.

உங்கள் மெக்கானிக்கைத் திட்ட வேண்டாம். நான் தொழிலுக்கு வந்த புதிதில் இதே தப்பைச் செய்துவிட்டு, ஒருவர் வீட்டு வாசலில் மூன்று நாள் காலை ஆறு மணிக்குப் போய் நின்றிருக்கிறேன். மூன்றாம் நாள் அவர் பக்திப் பாட்டு கேசட் போட்டிருந்தார். செல்ஃப் அடித்ததும் பாட்டு நின்றது. அப்போதுதான் உறைத்தது.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். டயாஃப்ரம் கிழிந்தபோது எஞ்சின் ஆயில் மாற்றினீர்களா? கிழிசல் வழியே பெட்ரோல் ஆயிலில் இறங்கும். ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். வாசனை வந்தால் இன்றே ஆயிலை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: சி.என்.ஜி. கிட் போட்டு ஒரு வருடம் ஆகிறது. பெட்ரோல் எப்போதும் ரிசர்வில்தான். இப்போது காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது. கேஸ் கிட் கோளாறா?
– வாசகர், ஓசூர்

பதில்: கிட் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. இப்போதைய கிட்கள் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, எஞ்சின் சூடானதும்தான் கேஸுக்கு மாறும். டேங்குக்குள் இருக்கும் பம்பைக் குளிர வைப்பது அதைச் சுற்றியிருக்கும் பெட்ரோல்தான். பல கிட்களில் கேஸில் ஓடும்போதும் அந்தப் பம்ப் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு வருடம் வறட்சியில் ஓடியிருக்கிறது, பாவம். சாவியை ஆன் செய்து பின்சீட்டுப் பக்கம் காது வையுங்கள்; ஓரிரண்டு விநாடி 'உய்ங்' என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் முதலில் ஃபியூஸ், ரிலே, பிறகு பம்ப். கேட்டால் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். எப்படியானாலும் இன்றைக்கே கால் டேங்க் பெட்ரோல் போடுங்கள்.