தங்கத்தின் மேல் தயோல் படலம்: கேட்டதும் சொன்னதும்

கே: தங்கத்தைத் தயோலில் (ஒரு நுனியில் கந்தகம் கொண்ட கார்பன் சங்கிலி மூலக்கூறு; கந்தகம் தங்கத்தில் ஒட்டிக்கொள்ளும்) எவ்வளவு நேரம் ஊறவைக்க வேண்டும்?

ப: எத்தனாலில் 1 மில்லிமோலார், ஓர் இரவு. மேற்பரப்பு சில நிமிடங்களிலேயே பெரும்பாலும் மூடிவிடும். மீதி நேரம் சங்கிலிகள் 30 டிகிரி அளவில் சாய்ந்து ஒழுங்காக நிற்பதற்கு. அப்புறம், பிரானாவில் (கந்தக அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்தது) தங்கத்தைக் கழுவுகிறவர்கள் எத்தனாலை அதன் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். பிரானா பாட்டிலை இறுக மூடவும் கூடாது, வாயு சேர்ந்து வெடிக்கும்.

கே: மின்தேக்குதிறன் சதுர செ.மீ.க்கு 1 மைக்ரோஃபாரட் வருகிறது. சரியா?

ப: எந்தத் தயோல்? 16 கார்பன் என்றால் சரி. 8 கார்பன் என்றால் என்னால் நம்ப முடியாது; படலம் மெலிந்தால் மதிப்பு கூட வேண்டும்.

கே: கரைசலில் ஃபெரிசயனைடு (மின்வாயில் எலெக்ட்ரான் வாங்கும் உப்பு) கலந்து, மின்னழுத்தத்தை மாற்றி மின்னோட்ட வரைபடம் எடுத்தேன். ஃபெரிசயனைடு உச்சி மறைந்துவிட்டது. படலத்தில் துளையே இல்லை என்று எழுதலாமா?

ப: கூடாது. வெறுந்தங்கத்தின் வரைபடத்தோடு சேர்த்துப் போட்டால் எதுவும் நேர்கோடாகத்தான் தெரியும். படலத்தின் வளைவை மட்டும் தனியாக, நூறு மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். உச்சியில்லாமல் ஏறித் தட்டையாக நிற்கிறதா? விலகிக் கிடக்கும் நுண்துளைகள் ஒவ்வொன்றும் ஒரு நுண்மின்வாயாக வேலை செய்தால் அப்படித்தான் வரும்.

கே: (அதே நண்பர்) அது டன்னலிங்காக (எலெக்ட்ரான் துளையில்லாப் படலத்தையே ஊடுருவிப் போவது) இருக்கலாமே?

ப: இருக்கலாம். சங்கிலி நீளத்தை மாற்றிப் பாருங்கள். ஒரு கார்பன் கூடினால் டன்னலிங் மின்னோட்டம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறையும். குறையவில்லையென்றால் துளைதான்.

கே: ஒரே நீளம்தான் கையில் இருக்கிறது. துளை என்று நீங்கள் எப்படி அடித்துச் சொல்கிறீர்கள்?

ப: நான் சொல்லவில்லை. இல்லை என்று நீங்கள்தான் சொல்கிறீர்கள்! சங்கிலி நுனியில் ஃபெரோசீன் (எலெக்ட்ரானைக் கொடுத்து வாங்கும் இரும்புச் சேர்மம்) கட்டிய தயோலைக் கொஞ்சமாகக் கலந்து பாருங்கள். கட்டிப்போட்ட ஃபெரோசீன் துளையைத் தேடி ஓடாது. அது தரும் எலெக்ட்ரான் வேகத்தை வைத்துப் பேசலாம்.

கே: எத்தனை மணி நேரம் ஊறவைப்பது?

ப: முதல் பதில்.

கே: காரக் கரைசலில் எதிர் மின்னழுத்தம் கொடுத்துப் படலத்தை உரித்தபோது சதுர செ.மீ.க்கு 95 மைக்ரோகூலும் மின்னூட்டம் வந்தது. இரண்டு அடுக்கா?

ப: இல்லை. முழு அடுக்குக்குக் கணக்கு 75 அளவில்தான். மிச்சம், படலம் போனதும் இரட்டை அடுக்கு (தயோல் அல்ல, தங்கத்தின் மின்னூட்டமும் அதையொட்டிக் கரைசலில் நிற்கும் அயனிகளும்) மின்னேற்றம் பெறுவதாலும், தங்கத்தின் சொரசொரப்பாலும் வருவது. உண்மைப் பரப்பை அளந்துவிட்டு வாருங்கள்.

கே: படலத்தின் மேல்பக்க மின்வாயாகத் தங்கத்தை ஆவியாக்கிப் படியவைக்கலாமா?

ப: பெரும்பாலும் ஷார்ட் ஆகும், மேலே சொன்ன அதே துளைகள் வழியாக. காலியம்-இண்டியம் திரவ உலோக முனையை மெல்லத் தொட வையுங்கள்.

கே: பிரானா மீந்துவிட்டது, பாட்டிலில் மூடி வைத்திருக்கிறேன்...

ப: மூடியா? கையில் எடுக்காதீர்கள். விலகி நின்று ஆய்வகப் பாதுகாப்புப் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள், இப்போதே.