புரூட்டன் ஊர்ப் பெண் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நண்பன் சொல்லி பெண்டாங்கிள் என்ற இங்கிலாந்து இசைக்குழுவின் முதல் ஆல்பத்தைக் கேட்டேன். இப்போது ஆபீஸ் வேலை செய்யும்போதெல்லாம் அதுதான் ஓடுகிறது. மனதுக்கு அவ்வளவு அமைதி. ஆனால் நாட்டுப்புறப் பாட்டுக்கு ஜாஸ் டிரம்ஸ் எதற்கு? பாட்டைக் கெடுத்துவிட்டார்கள் என்கிறான் இன்னொரு நண்பன். பாடும் பெண்ணின் குரலிலும் உணர்ச்சியே இல்லை. இதை எந்த வகையில் சேர்ப்பது? அடுத்து எதைக் கேட்கலாம்?

கார்த்திகேயன்

அன்புள்ள கார்த்திகேயன்,

1968இல் வந்த ஆல்பம் உங்களைப் பிடித்துக்கொண்டதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். சில நாட்களாக நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வகையை விடுங்கள். குழுவில் பேஸ் வாசிக்கும் டேனி தாம்ப்ஸனும் டிரம்ஸ் வாசிக்கும் டெர்ரி காக்ஸும் அதற்கு முன் அலெக்ஸிஸ் கார்னரின் புளூஸ் குழுவில் வாசித்தவர்கள். பெர்ட் ஜான்ஷும் ஜான் ரென்போர்னும் லண்டனில் நாட்டுப்புறப் பாட்டு பாடும் ஃபோக் கிளப்புகளில் பேர் வாங்கிய கிடார்காரர்கள். அவரவர் கையில் இருந்ததைக் கொண்டுவந்தார்கள். கெடுத்துவிட்டார்கள் என்பதெல்லாம் வெட்டிப் பேச்சு. ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள், இரண்டு கிடார்களையும் ஸ்டீரியோவில் ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்து வைத்திருக்கிறார் தயாரிப்பாளர் ஷெல் டால்மி.

எனக்குக் கோபம் வந்தது வேறு இடத்தில். மனதுக்கு அமைதி என்று வேலைக்கு நடுவே ஓடவிடுகிறீர்களே, அதில் ‘புரூட்டன் டவுன்’ ஒரு கொலைப் பாட்டு. வார்த்தையைக் கவனிக்கவே இல்லையா? இங்கிலாந்தின் சாமர்செட் பகுதிக் கதைப்பாடல் அது. நாட்டுப்புறப் பாட்டுகளைச் சேகரித்த செசில் ஷார்ப் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குள்ளவர்கள் பாடக் கேட்டு எழுதி வைத்தது. பண்ணைக்காரர் மகள் வேலைக்காரனை விரும்புகிறாள். அண்ணன்கள் அவனை வேட்டைக்கு அழைத்துப்போய்க் கொன்று முட்புதரில் போட்டுவிடுகிறார்கள். அவன் ரத்தக் கோலத்தில் அவள் கனவில் வருகிறான். அவள் தேடிப்போய் உடலைக் கண்டெடுக்கிறாள், மூன்று நாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். அப்புறம் பசி வருகிறது. வீட்டுக்குத் திரும்பிப் போகிறாள்.

இந்தப் பசி என்னை விடவே மாட்டேனென்கிறது. சினிமாக் கதை எழுதுகிறவர் என்றால் அவளை அங்கேயே சாகவிட்டிருப்பார். ஊர் ஜனங்கள் பாடிப் பாடி வந்த பாட்டு அப்படிச் செய்யவில்லை. எங்கள் சித்தப்பா இறந்த மறுநாள், சித்தி யாரிடமும் சொல்லாமல் அடுக்களைக்குள் வந்து, நின்றபடியே ஒரு சொம்பு நீராகாரம் குடித்தார். உப்புகூடப் போடவில்லை. வாசலில் இருந்த உறவுக்கார அம்மா ஒருத்தி, “அதுக்குள்ள பசிச்சிருச்சா?” என்றாள். எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். அந்த அம்மாவை இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. துக்கப்பட்டவள் சாப்பிடக் கூடாது என்று எவன் சொன்னான்? பாட்டில் அவள் திரும்பிப் போவது யாரிடம்? கொன்றவர்கள் இருக்கிற வீட்டுக்கு. அங்கேதான் சோறு இருக்கிறது. இதைவிடக் கொடுமையாக அந்தக் கதையை முடிக்க முடியாது.

இப்போது சொல்லுங்கள், குரலில் உணர்ச்சி இல்லையா? குழுவின் பாடகி ஜாக்கி மெக்‌ஷீ அழுது பாடினால் நீங்கள் அவர் அழுகையைத்தான் கேட்பீர்கள், அந்தப் பெண்ணைக் கேட்க மாட்டீர்கள். பழைய கதைப்பாடல்காரர்கள் நடந்ததைச் சொல்லிக்கொண்டே போவார்கள், அழுவது கேட்கிறவர்கள் பொறுப்பு. ஆல்பத்தின் முதல் பாட்டிலும் பாருங்கள், ஏமாந்துபோகாதே என்று இளம்பெண்ணுக்குச் சொல்கிற பாட்டு, அதிலும் குரல் நடுங்குவதில்லை. குழைந்து குழைந்து பாடுவதுதான் உணர்ச்சி என்று நமக்கு யாரோ பழக்கிவிட்டார்கள். இதில் எனக்கு விட்டுக்கொடுக்கவே மனமில்லை.

அடுத்து இதே குழுவின் ‘ஸ்வீட் சைல்ட்’ கேளுங்கள். அதே 1968இல் வந்த இரட்டை ஆல்பம். ஒரு தட்டு முழுக்க லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் மேடையில் வாசித்தது, ‘புரூட்டன் டவுன்’ அதிலும் உண்டு. லேப்டாப்பை மூடிவிட்டுக் கேளுங்கள், என்ன தோன்றியது என்று எழுதுங்கள்.

அன்புடன்