ஐந்து பேர் சேர்ந்தால் சங்கம் ஆகுமா?

கேள்வி: வேலூரில் எம்.எச்.ஏ. (மருத்துவமனை நிர்வாக முதுநிலைப் படிப்பு) முதலாண்டு படிக்கிறேன். எங்கள் துறையில் மாணவர் சங்கம் இல்லை. நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒன்று தொடங்க நினைக்கிறோம். அரசிடம் பதிவு செய்ய வேண்டுமா? அமெரிக்கச் சங்கத்தில் மாணவ உறுப்பினராகச் சேரலாம் என்கிறார் சீனியர் ஒருவர். இதெல்லாம் வேலைக்கு உதவுமா, வெறும் சான்றிதழோடு நின்றுவிடுமா?
– வாசகி, குடியாத்தம்

பதில்: தாராளமாகத் தொடங்குங்கள். ஆனால் பதிவு, அமெரிக்க உறுப்பினர் அட்டை இரண்டும் இப்போதைக்கு வேண்டாம்.

பதிவு வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி பதிவு செய்யக் குறைந்தது 7 பேர் வேண்டும். ஆள் சேர்ந்துவிடும், அது பெரிதல்ல. பதிவான பிறகு ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்ட வேண்டும், கணக்கை மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். உங்கள் படிப்போ இரண்டே ஆண்டு. நீங்கள் வேலைக்குப் போன பிறகு அந்தக் கணக்கை யார் தாக்கல் செய்வார்கள்? துறைத் தலைவரிடம் ஒரு கடிதம் கொடுத்து, ஓர் ஆசிரியரைப் பொறுப்பாளராகக் கேட்டு வாங்கி, துறை மன்றமாக நடத்துங்கள். பணத்தை யாருடைய சொந்தக் கணக்கிலும் போடாதீர்கள். கல்லூரி வழியாகவே வரட்டும், போகட்டும். மாணவர் சங்கங்களில் நட்பு முறிவது பெரும்பாலும் பணத்தால்தான்.

உங்கள் சீனியர் சொல்வது அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஹெல்த்கேர் எக்ஸிகியூட்டிவ்ஸ் என்று நினைக்கிறேன். 1933-இல் தொடங்கி, சிகாகோவைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும், மருத்துவமனை நிர்வாகிகளுக்கான நல்ல அமைப்பு. ஆனால் மாணவ உறுப்பினர் அட்டை வேறு, அதன் ஃபெல்லோ என்னும் உயர் தகுதி வேறு. அந்தத் தகுதிக்கு முதுநிலைப் பட்டத்தோடு நிர்வாகப் பதவியில் அனுபவமும் வேண்டும், தேர்வும் உண்டு. வெளிநாட்டில் வேலை பார்க்கும் எண்ணம் உறுதியானால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

இனி, சங்கம் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு வருகிறேன். எனக்கு உண்மையில் அக்கறை உள்ள இடம் இதுதான்.

நான் படித்த காலத்தில் எங்களுக்கும் ஒரு சங்கம் இருந்தது. வரவேற்பு விழா, வழியனுப்பு விழா, நடுவில் ஒரு சிறப்புரை. இரண்டு ஆண்டில் ஒரு வார்டு கிளார்க்கிடம்கூட நான் பேசியதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அதன் விலையைக் கொடுத்தேன். உங்களுக்கு அது நேரக்கூடாது.

ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: டிஸ்சார்ஜ். காலை ரவுண்ட்ஸில் டாக்டர் "வீட்டுக்குப் போகலாம்" என்கிறார். நோயாளி படுக்கையை விட்டு எழுந்து போகும்போது மாலை ஆகிவிடுகிறது. நடுவில் என்ன ஆனது? டிஸ்சார்ஜ் சம்மரி எழுத வேண்டிய ஜூனியர் டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில் இருந்திருப்பார். வார்டில் மிஞ்சிய மருந்து பார்மசிக்குத் திரும்பி, பில்லில் கழியாமல் நின்றிருக்கும். லேப் கட்டணம் ஒன்று கம்ப்யூட்டரில் ஏறியிருக்காது. இன்சூரன்ஸ் நோயாளி என்றால் இறுதி ஒப்புதலுக்குக் காத்திருப்பு வேறு. எல்லாரும் இன்சூரன்ஸையே குறை சொல்வார்கள். ஆனால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதம் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, டிஸ்சார்ஜுக்கான இறுதி ஒப்புதலை 3 மணி நேரத்துக்குள் நிறுவனம் கொடுத்தாக வேண்டும். அந்த 3 மணி நேரம், மருத்துவமனை கோரிக்கை அனுப்பி அது போய்ச் சேர்ந்த பிறகுதான் தொடங்குகிறது. அதற்கு முன்னால் நம் பக்கம் போன நேரம் எவ்வளவு என்று அளந்தவர்கள் குறைவு. அதை உங்கள் சங்கம் அளக்கட்டும். 30 நோயாளிகள், நான்கு நேரங்கள் போதும்: டாக்டர் சொன்னது, சம்மரி முடிந்தது, பில் முடிந்தது, படுக்கை காலியானது. எந்த இடைவெளி நீளம் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. நேர்காணலில் என் எதிரே ஒருவர் அமர்ந்து "நாங்கள் இதை அளந்தோம், சம்மரியில்தான் சிக்கல் இருந்தது" என்றால், அவருடைய சான்றிதழ்களை நான் புரட்டிக்கூடப் பார்க்க மாட்டேன். வேலைக்கு உதவுமா என்று கேட்டீர்களே, உதவுவது இப்படித்தான்.

மருத்துவமனை நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் வார்டுக்குள் போகாதீர்கள். பெயர், மருத்துவமனை எண், நோய் எதையும் குறிக்காதீர்கள். நேரமும் வார்டும் மட்டும் போதும். வாட்ஸ்அப் குழுவில் வார்டுப் படம் ஒன்றுகூடப் போகக் கூடாது. கட்டுரையாக வெளியிட நினைத்தால் முதலிலேயே நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வாங்குங்கள்.

வேலூரில் படிப்பது எவ்வளவு பெரிய வாய்ப்பு என்பதையும் சொல்ல வேண்டும். 1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) ஊருக்கு நடுவில் இருக்கிறது. அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. தொழுநோய்க்கென்று 1955-இல் உருவான கரிகிரி மருத்துவமனை. கிராம மக்களுக்காக 1977-இல் தொடங்கிய, கே.வி.குப்பத்தில் உள்ள சி.எம்.சி.யின் கிராம நலப் பிரிவான ருஹ்சா. பணம் வரும் வழி, ஆள் எடுக்கும் முறை, மருந்து வாங்கும் முறை எல்லாம் ஒன்றுக்கொன்று வேறு. டவுன் பஸ்ஸில் போய்ப் பார்க்கும் தூரத்தில் இத்தனை வகை நிர்வாகம் எத்தனை மாணவர்களுக்குக் கிடைக்கும்?

இன்னொன்று, காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கும் வங்காள, அசாம், ஜார்கண்ட் நோயாளிகள். காந்தி ரோட்டுப் பக்கம் வங்காளிப் பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். ஊர் அவர்களுக்காக மொழி மாறியிருக்கிறது. ஓ.பி. கவுண்டரில் அவர்களுக்கு எந்த இடத்தில் புரியாமல் போகிறது என்று, வங்காளி தெரிந்த வகுப்புத் தோழர் ஒருவரோடு ஒரு காலைப் பொழுது நின்று கவனித்தால், இரண்டாவது ஆய்வுக்கான பொருள் தானாகக் கிடைத்துவிடும்.

முதல் கூட்டத்துக்கு இயக்குநரை அழைக்காதீர்கள். பில்லிங் பொறுப்பாளரையோ, பல ஆண்டு வார்டு பார்த்த சிஸ்டர் ஒருவரையோ கூப்பிடுங்கள். திங்கட்கிழமை வேண்டாம், அன்று ஓ.பி. கூட்டம் நெரியும். வேறொரு நாள் மாலை நான்கு மணிக்கு மேல், டீயோடு, வட்டமாக நாற்காலி போட்டு, "நேற்று எந்த டிஸ்சார்ஜ் தாமதமானது, ஏன்?" என்று கேட்டுவிட்டு நோட்டைத் திறந்துகொள்ளுங்கள்.