கிளிப்-ஆன் ஹேண்டில்பாரும் மரத்துப்போகும் சுண்டுவிரலும்

கேள்வி: எனக்கு வயது 32. பைக்கில் இருந்த ஹேண்டில்பாரை மாற்றி, தாழ்வான கிளிப்-ஆன் மாட்டினேன். இப்போது அரை மணி நேரம் ஓட்டினாலே சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகின்றன, பிடரியும் வலிக்கிறது. இறங்கிச் சிறிது நேரத்தில் சரியாகிவிடுகிறது. இது நரம்புத் தளர்ச்சியா? மாத்திரை சாப்பிட வேண்டுமா?

பதில்: மாத்திரைக்கு முன் உட்காரும் நிலையைச் சரிசெய்யுங்கள். நீங்கள் சொல்வது நரம்பு அழுத்தத்தின் அறிகுறி. உள்ளங்கையில் சுண்டுவிரல் பக்கம், மணிக்கட்டை ஒட்டி அல்நார் நரம்பு செல்கிறது. சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலின் பாதிக்கும் உணர்வு தருவது அதுதான். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்திருந்தால் மீடியன் நரம்பைச் சந்தேகித்திருப்பேன். புறங்கையிலும் சுண்டுவிரல் பக்கம் மரக்கிறதா என்று கவனியுங்கள். மரத்தால், நரம்பு நசுங்கும் இடம் மணிக்கட்டு அல்ல. அதற்கு மேலே, பெரும்பாலும் முழங்கையில் இருக்கிறது.

கிளிப்-ஆன் முன்பக்க ஃபோர்க் குழாய்களிலேயே மாட்டப்படுவதால் கைப்பிடி தாழ்கிறது, உடல் முன்னே சாய்கிறது. வேகமாகப் போகும்போது எதிர்காற்று மார்பைத் தாங்கிப் பாரத்தைக் குறைக்கும். நெரிசலில் ஊர்ந்து போகும்போது அந்த உதவி கிடையாது. மேலுடம்பின் எடை உள்ளங்கையில் இறங்கும். குனிந்த உடம்பிலிருந்து சாலையைப் பார்க்கத் தலையை நிமிர்த்தியே வைத்திருப்பதுதான் பிடரிவலிக்குக் காரணம்.

உயரமான பார் மாட்டினால் எல்லாம் தீரும் என்று நினைக்க வேண்டாம். கை தோளுக்கு மேலே போனால் தோள் தசைகள் சோர்ந்து கை முழுவதும் மதமதக்கும். பின்னோக்கி வளைந்த க்ரூஸர் பாரும் முன்னே தள்ளிய ஃபுட்ரெஸ்ட்டும் சேர்ந்தால் இடுப்பு கூன் விழும். கால்களால் எழும்பித் தாங்க முடியாததால் ஒவ்வொரு குழியின் அதிர்ச்சியும் நேராகக் கீழ்முதுகுக்குப் போகும். சற்றே பின்னோக்கி வளைந்த, நடுத்தர உயரப் பார்தான் தினசரி ஓட்டத்துக்கு நான் பரிந்துரைப்பது.

கிளிப்-ஆனை வைத்துக்கொள்வதானால், தொடைகளால் டேங்கை அணைத்துப் பிடித்து, வயிற்று, முதுகுத் தசைகளால் உடலைத் தாங்குங்கள். முழங்கை சற்று மடங்கியிருக்கட்டும். விரல்களைத் தளர்த்தினால் உடல் முன்னே சரிகிறது என்றால், இன்னும் உள்ளங்கையில்தான் சாய்ந்திருக்கிறீர்கள். அடுத்து லீவர். ஓட்டும் நிலையில் உட்கார்ந்து விரல்களைக் கிளட்ச் லீவர் மேல் நீட்டுங்கள். முன்கை, மணிக்கட்டு, விரல் முட்டி மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் வர வேண்டும். பழைய பாருக்கு வைத்த கோணத்திலேயே லீவரை விட்டுவிட்டால் மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கும். கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி லீவரைச் சற்றுக் கீழே திருப்பி, மீண்டும் இறுக்குங்கள். பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

போதவில்லை என்றால் 20 முதல் 30 மி.மீ. உயர்த்தித் தரும் கிளிப்-ஆன் வகையை மாட்டலாம். மாட்டியபின் வண்டியை நிறுத்திவைத்து, இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, ஹேண்டிலை இரு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். இன்ஜின் வேகம் ஏறினால் ஆக்சிலரேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று பொருள். பிரேக் ஹோஸ் விறைத்தாலும், கட்டைவிரல் டேங்கில் நசுங்கினாலும் சரிசெய்யும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.

நீண்ட பயணத்தில் அரை மணிக்கொரு முறை நிறுத்திக் கைகளை உதறி, கழுத்தைத் தளர்த்துங்கள்.

இப்படி மூன்று வாரம் ஓட்டியும் மரப்பு குறையாவிட்டாலோ, ஓட்டாத நேரத்திலும் நீடித்தாலோ, பிடித்த பொருள் நழுவினாலோ, புறங்கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள சதை வற்றினாலோ நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். நரம்புக் கடத்தல் பரிசோதனையோடு சர்க்கரை, தைராய்டு, பி12 அளவுகளையும் பார்ப்பார்கள்; மாத்திரை தேவையா என்பதை அதன்பின் முடிவு செய்யலாம். கழுத்துவலியோடு நடை தடுமாறினாலோ, சிறுநீர் கட்டுப்பாடு குறைந்தாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.