நீல இலையின் கணக்கு

அன்புள்ள ஐயா,

கேமரன் மலையில் காட்டுப் பாதையோரம் ஒரு செடியைப் பார்த்தேன். இலை மயில்கழுத்து நிறத்தில் மின்னியது. குனிந்து பக்கத்தில் பார்த்தால் வெறும் பச்சை! உடன் வந்தவர் ‘மயில் பிகோனியா’ என்றார். பச்சையம்தானே செடிக்குச் சோறு போடுகிறது, இதற்கு எதற்கு நீலம்? தொட்டியில் வைத்து வளர்க்க முடியுமா?

— ஈப்போ வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் பார்த்தது பிகோனியா பவோனினா. தீபகற்ப மலேசியாவின் மலைக்காட்டுச் செடி. பச்சையம் அதிலும் நிறையவே இருக்கிறது. நீலம் மட்டும் சாயம் அல்ல; இலையைக் கசக்கிப் பிழிந்தாலும் நீலச் சாறு வராது. இலைக்குள் இருக்கும் நுண்ணிய அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளிதான் அப்படித் தெரிகிறது. நீங்கள் குனிந்ததும் கோணம் மாறியது, நீலம் போய்விட்டது.

அந்த அடுக்குகள் இருக்கும் இடம்தான் எனக்குப் பெரிய வியப்பு. பெரும்பாலான செடிகளில் பசுங்கணிகங்கள், அதாவது செல்லுக்குள் பச்சையத்தை வைத்திருக்கும் நுண்ணிய உறுப்புகள், இலையின் உள்பகுதியில்தான் வேலை செய்கின்றன. இந்தச் செடியில் மேல்தோல் செல்களிலும் தனி வகைப் பசுங்கணிகங்கள் உண்டு. அவற்றுக்குள் சவ்வுகள் சீரான இடைவெளி விட்டு, தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கின்றன.

சரி, இதனால் செடிக்கு என்ன லாபம்? மழைக்காட்டில் மேலே விழும் வெயிலில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் தரைக்கு வந்து சேரும். நீலத்தையும் சிவப்பையும் உயர்ந்த மரங்கள் முதலிலேயே எடுத்துக்கொள்கின்றன. கீழே மிஞ்சுவதில் பச்சை ஒளியே அதிகம். இந்த அடுக்கு, அரிதாக வரும் நீலத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு, பச்சை ஒளியைக் கூடுதலாகப் பிடித்துக்கொள்கிறது. பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் இதை விளக்கினார்கள். மங்கலான ஒளியில் ஒளிச்சேர்க்கையின் திறன் 5 முதல் 10 விழுக்காடு கூடுகிறதாம். அந்த இருட்டில் அது ஒரு செடியின் பிழைப்பையே தீர்மானிக்கும்.

தொட்டி ஆசை வேண்டாமே. வெளிச்சம் கூடினால் அந்த நீலம் மங்கிவிடும். அதற்கு மலைக்குளிரும் ஈரக்காற்றும் நிழலும் ஒருசேர வேண்டும். காட்டிலிருந்து பிடுங்கி வருவதையோ அப்படிப் பிடுங்கியதை விலைக்கு வாங்குவதையோ என்னால் ஒருபோதும் ஆதரிக்க முடியாது. மரங்களை வெட்டி வெயிலை உள்ளே விட்டாலும் இதே கதிதான். காட்டின் நிழலைக் காப்பாற்றாமல் இந்தச் செடியை மட்டும் தனியாகக் காப்பாற்ற வழியில்லை.

அடுத்த முறை போனால் இலைக்கு நேரே நின்று, கேமராவின் ஃபிளாஷைப் போட்டுப் படம் எடுங்கள். நீலம் நன்றாக விழும். எனக்கும் ஒன்று அனுப்புங்கள்.