சுண்டப்பூ இருக்கட்டும், லென்ஸைக் கழற்றுங்கள்

கேள்வி: வயது 22. மார்த்தாண்டத்தில் கதகளி படிக்கிறேன். அடுத்த மாதம் முதன்முறையாகப் பச்சை வேஷம் (முகத்தில் பச்சை பூசும் நாயக வேஷம்) போடுகிறேன். கண் சிவக்க சுண்டப்பூ வைக்க வேண்டும் என்கிறார் ஆசான். எனக்கு மைனஸ் 3 பவர், கான்டாக்ட் லென்ஸ் போடுகிறேன். கண்ணுக்கு ஆபத்து உண்டா? ஆன்லைனில் ‘கதகளி விதை’ கிடைக்கிறதே, வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

கண்ணில் வைப்பது விதையே இல்லை. சுண்டப்பூவின் இதழைக் களைந்தால் அடியில் பொடியாக ஒரு சூல்பை இருக்கும். அதை உள்ளங்கையில் கறுக்கும்வரை உருட்டுவார்கள். மேடை ஏறுவதற்குச் சற்று முன் கீழிமைக்குள் வைத்துக் கண்ணைச் சுழற்றினால் சில நிமிடத்தில் வெள்ளைவிழி சிவக்கும். மேலே இருக்கும் சவ்வில் இரத்தக்குழாய் விரிவதால் வரும் சிவப்பு அது. சில மணி நேரத்தில் தானே வடிந்துவிடும். தலைமுறைகளாக வைக்கிறார்கள். ஆசான் உருட்டித் தருவதை நீங்களும் வைக்கலாம். வீட்டுக் கொல்லையில் சுண்டைக்காய்ச் செடி நிற்கிறதே என்று பூப்பறிக்கப் போய்விடாதீர்கள்.

பாக்கெட் வியாபாரிகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வேஷச் சாமான் வாடகைக்கு விடும் ஒரு தரகரிடம் வாங்கியதை வைத்துக்கொண்டு ஒரு பையன் நள்ளிரவில் என்னிடம் வந்தான். இமையைப் புரட்டினால் ஏதோ காய்ந்த தூள், கருவிழி நெடுக நகம் கீறியது போலக் கோடு. அவன் கண்ணில் போட்டது என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இட்லிக் கடைக்கு லைசென்ஸ் கேட்கிற நாட்டில், கண்ணுக்குள் வைக்கும் பொருளை யார் சோதிக்க வேண்டும் என்று கேட்டேன். இந்த ஆபீஸ் அந்த ஆபீஸைக் கை காட்டியது. அதோடு விட்டுவிட்டேன்.

இனி லென்ஸ். பூ வைக்கும் நாளில் லென்ஸ் கூடாது. ஒரே நாள் போட்டு எறியும் லென்ஸானாலும் கூடாது, ‘ஒரு மணி நேர ஆட்டம்தானே’ என்றாலும் கூடாது. துணுக்கு ஒன்று லென்ஸுக்கு அடியில் போனால் ஒவ்வொரு இமைப்பிலும் கருவிழியை அரைக்கும். லென்ஸ் இல்லாமல் உங்களுக்கு 33 சென்டிமீட்டர் வரைதான் தெளிவு. விளக்கு மங்கலான ஒளிவட்டமாகத் தெரியும். பரவாயில்லை, செண்டையும் பாட்டும் காதில் விழுகிறதே! இன்றிலிருந்தே கண்ணாடியும் லென்ஸும் இல்லாமல் ஒத்திகை பாருங்கள். ஒரே விலக்கு: கருவிழி கூம்பி, கடின லென்ஸ் இல்லாமல் நடக்கவே முடியாதவர்கள். அவர்கள் லென்ஸைப் போட்டுக்கொண்டு பூவை விட்டுவிடட்டும். கண் சிவக்காவிட்டால் வேஷம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். பூ வைக்காத நாளில் லென்ஸ் போட்டால், முகத்தில் சாயம் படுமுன் போட்டு, வேஷம் கலைக்க எண்ணெய் தொடுமுன் கழற்றிவிடுங்கள்.

முகத்துக்குப் பூசும் மனயோலை நம் ஊர் அரிதாரம்தான், ஆர்சனிக் கலந்தது. சாயில்யம் பாதரசம் கலந்த சாதிலிங்கம். இரண்டும் கண்ணுக்குள் போகக் கூடாது. வேஷம் கலைக்கும்போது முதலில் கீழிமையை இழுத்துப் பூ வெளியே வந்துவிட்டதா பாருங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணுக்கும் தனிப் பஞ்சு, கண்ணிலிருந்து வெளிப்பக்கமாகத் தேங்காய் எண்ணெய்.

மறுநாள் காலையிலும் சிவப்போ, வலியோ, வெளிச்சக் கூச்சமோ இருந்தால் அன்றே கண் டாக்டரிடம் போங்கள். மெடிக்கல் ஷாப்பில் ‘சிவப்புக்கு ஒரு சொட்டு மருந்து’ கேட்டால் ஸ்டீராய்டை நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கீறல் விழுந்த கருவிழியில் அதை விட்டால், கீறல் புண்ணாகி அதன் பிறகுதான் என்னிடம் வருவீர்கள்.