ஐரோப்பா போக எந்தப் பணத்தை எடுப்பது?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், ஊர் கும்பகோணம். எனக்கு 66 வயது, மனைவிக்கு 62. பென்ஷன் 52,000 ரூபாயிலேயே வீட்டுச் செலவு முடிந்துவிடுகிறது. அஞ்சலக மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் இரண்டரை ஆண்டுக்கு முன் 30 லட்சம் போட்டேன். வங்கியில் தலா 4 லட்சத்துக்கு மூன்று எஃப்.டி. இருக்கிறது, ஒன்று அடுத்த ஜூலையில் முதிர்கிறது. இருவரும் தினமும் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறோம். எனக்கு பிரஷர் மாத்திரை மட்டும் உண்டு. அடுத்த ஆண்டு ஐரோப்பா போக ஆசை. ஒரு டூர் நிறுவனம் 14 நாளில் எட்டு நாடு, இருவருக்கும் 6.8 லட்சம், இ.எம்.ஐ. வசதியும் உண்டு என்கிறது. நாங்களாகவே பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், சுவிஸ், ரோம், வெனிஸ், வியன்னா, ப்ராக் சுற்றி வர முடியுமா? அஞ்சலகப் பணத்தை எடுக்கலாமா?

பதில்: அஞ்சலகப் பணத்தில் கை வைக்காதீர்கள். அந்தக் கணக்கில் வேண்டிய அளவு மட்டும் எடுக்க வழியில்லை. முழுதாக முடிக்க வேண்டும். இரண்டு ஆண்டு தாண்டிவிட்டதால் அசலில் ஒரு சதவீதம், அதாவது 30,000 ரூபாய் பிடிப்பார்கள். 8.2 சதவீத வட்டியும் நின்றுபோகும். இ.எம்.ஐ.யும் வேண்டாம். ஊர் சுற்றிவிட்டு வந்து பென்ஷனில் தவணை கட்டுவது உங்கள் நிலைமையில் தேவையே இல்லாத சுமை.

உங்களிடம் வேறு பணம் இருக்கிறது. அந்த 30 லட்சத்துக்குக் காலாண்டுதோறும் 61,500 ரூபாய் வட்டி வருகிறது. பென்ஷனில் குடும்பம் ஓடுவதால் அதை அப்படியே தனியாக ஒதுக்கினால் நான்கு காலாண்டில் 2.46 லட்சம். (இந்த வட்டிக்கு வரி உண்டு, கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.) ஜூலையில் முதிரும் எஃப்.டி. 4 லட்சம். இரண்டும் சேர்ந்தால் ஆறரை லட்சத்தை நெருங்கிவிடும். மீதி இரண்டு எஃப்.டி.யும் மருத்துவச் செலவுக்கென்று இருக்கட்டும்; ஐரோப்பாவில் எவ்வளவு ஆசை வந்தாலும் அந்த 8 லட்சம் இல்லை என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் பட்டியல். பதினான்கு இரவில் ஏழு ஊர் என்றால் இரண்டு நாளுக்கு ஒருமுறை பெட்டி கட்ட வேண்டும். ஊர் மாறும் நாளில் பாதி நாள் ரயிலுக்கும் ரூம் சாவிக்கும் போய்விடும், அன்றைக்குத்தான் டாக்ஸி, வெளிச்சாப்பாடு என்று காசும் கரையும். ஐந்து கிலோமீட்டர் நடப்பது நல்ல விஷயம்தான். ஆனால் கையை வீசிக்கொண்டு நடப்பது வேறு, 20 கிலோ பெட்டியைக் கருங்கல் பாவிய தெருவில் இழுப்பது வேறு. வெனிஸில் சான்டா லூசியா ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே கால்வாய்; அக்கரைக்குப் போக ஸ்கால்ஸி பாலத்தில் படியேறி இறங்க வேண்டும். படகில் போனால் ஒரு டிக்கெட் ஆளுக்கு 9.50 யூரோ. ஹோட்டலை நிலையம் இருக்கும் கரையிலேயே எடுத்தால் இந்தச் செலவும் மூட்டுவலியும் மிச்சம். பழைய கட்டடங்களில் லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு ரூம் போடுங்கள். 

நான் சொல்வது ரோம் 5 இரவு, ஃப்ளாரன்ஸ் 3, வெனிஸ் 2, வியன்னா 4. ரோமில் இறங்கி வியன்னாவிலிருந்து திரும்புகிற மாதிரி விமான டிக்கெட் போட்டால், வந்த வழியே மறுபடி போக வேண்டியதில்லை. ரோமிலிருந்து ஃப்ளாரன்ஸ் ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து வெனிஸ் இரண்டே கால் மணி நேரம். வெனிஸ்–வியன்னா மட்டும் ஏறக்குறைய எட்டு மணி நேரம். பகல் ரயிலாக எடுங்கள், ஆல்ப்ஸ் மலைக்குள் போகும். சுவிஸ் போகாத குறை ஓரளவு தீரும், பர்ஸும் தப்பிக்கும். இத்தாலி, ஆஸ்திரியா இரண்டு நாட்டிலும் யூரோதான். ப்ராக், சுவிஸ் சேர்த்தால் நாணயமும் மாறும். பல நாட்டு ரயிலிலும் செல்லும் யூரெயில் பாஸில் 60 வயது தாண்டியவர்களுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு என்றாலும் மூன்றே பயணத்துக்கு அது கட்டுப்படியாகாது, இத்தாலியின் வேக ரயில்களில் ரிசர்வேஷனுக்குத் தனியாகவும் கட்ட வேண்டும். தனித்தனி டிக்கெட்டை முன்கூட்டி வாங்குங்கள்.

யூரோவை 110 ரூபாய் என்று வைத்து என் உத்தேசக் கணக்கு: விமானம் 1.4 லட்சம், தங்குமிடம் 1.85 லட்சம், சாப்பாடு 92,000, ரயில் 33,000, நுழைவுக் கட்டணமும் உள்ளூர்ப் போக்குவரத்தும் 54,000, விசா 25,000, இன்சூரன்ஸ் 15,000. மொத்தம் 5.44 லட்சம். கைக்காவலுக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 6 லட்சம். தங்குமிடக் கணக்கில் நகர வரியும் அடங்கும். ரோமில் மூன்று நட்சத்திர ஹோட்டல் என்றால் ஆளுக்கு, இரவுக்கு 6 யூரோ. பெரும்பாலும் ஹோட்டலில் தனியாகத்தான் வாங்குவார்கள். சாப்பாட்டில் மிச்சம் பிடிக்க வழி உண்டு: சின்ன சமையலறை உள்ள ரூமாகப் பாருங்கள். ரோமில் காபியைக் கவுன்டரில் நின்றபடி குடித்தால் விலை குறைவு, தெருக்குழாயில் வரும் தண்ணீர் குடிக்க நல்லது, காசும் இல்லை.

அதிக இரவுகள் இத்தாலியில் என்பதால் விசாவுக்கு இத்தாலியிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கட்டணம் ஆளுக்கு 90 யூரோ, மறுத்தால் திரும்ப வராது. விண்ணப்பத்துக்கு நாலு நாள் முன்பு கணக்கில் பெரிய தொகை வந்து விழுந்தால் சந்தேகப்படுவார்கள், எஃப்.டி. முதிர்ந்து வந்த பணம் என்றால் அதன் ரசீதையும் இணைத்துவிடுங்கள். மாதாமாதம் பென்ஷன், காலாண்டுக்கு வட்டி என்று ஓடும் உங்கள் பாஸ்புக் நல்ல சாட்சி. அதனால் ஜூலைக் கடைசியில் விண்ணப்பம், அக்டோபர் தொடக்கத்தில் பயணம். ரோமின் கோடை வெயிலும் தணிந்திருக்கும்.

இன்சூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும் என்பது விசா விதி. விலை குறைந்த பாலிசியைத் தேடாமல், ஏற்கெனவே உள்ள நோய்க்கு என்ன தருவார்கள் என்ற பத்தியைப் படியுங்கள். பிரஷர் இருப்பதை மறைத்தால் க்ளெய்ம் அடிபடும்.

செலவுக்கு யூரோவை முன்கூட்டியே ஏற்றிவைக்கும் ஃபாரெக்ஸ் கார்டு ஒன்று, அவசரத்துக்கு ஒரு கிரெடிட் கார்டு. கடை மெஷினில் ரூபாயா யூரோவா என்று கேட்டால் யூரோவை அழுத்துங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைக்கும் மாற்று விலைதான். ஆண்டுக்கு 10 லட்சம் தாண்டாதவரை கார்டில் பணம் ஏற்றுவதற்கு டி.சி.எஸ். (பணம் கட்டும்போதே பிடிக்கும் வரி) இல்லை. பேக்கேஜ் வாங்கினால் பிடிப்பார்கள். வரிக் கணக்குத் தாக்கல் செய்து அதைச் சரிக்கட்டிக்கொள்ளலாம்.

பேக்கேஜே கூடாது என்று சொல்ல மாட்டேன். மூன்று வேளையும் நம் சாப்பாடு வேண்டும், கூகுள் மேப் பார்க்க வராது என்றால் அதுதான் நிம்மதி. அப்போதும் எட்டு நாட்டுப் பேக்கேஜ் வேண்டாம், மூன்று நாட்டுப் பேக்கேஜாகக் கேளுங்கள்; டிப்ஸ், ‘ஆப்ஷனல்’ டூர் எல்லாம் உள்ளே அடக்கமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு முன்பணம் கட்டுங்கள்.